‘விசாரணை’ திரைப்படத்தில் முதல் நீதிமன்ற முன்னிலை

வெற்றிமாறன் இயக்கிய ‘விசாரணை’ (2015) பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் காவல்நிலைய வதைக் காட்சிகளைச் சுற்றியே அமைகிறது. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலை அடியொற்றிய இப்படத்தின் இடையில் வரும் குண்டூர் நீதிமன்றக் காட்சி, கதைத்திருப்பம் என்ற அளவிலேயே கடந்து செல்லப்படுகிறது. இரு பாதிகளையும் பிணைக்கும் முடிச்சு அக்காட்சியிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசமைப்பின் 22ஆம் உறுப்பு. அம்முதல் முன்னிலையில் குற்றம் மெய்யா பொய்யா என்பது தீர்மானிக்கப்படுவதில்லை. மேலும் காவலில் வைக்கக் காரணம் உண்டா என்பதே அங்குள்ள வினா. எனினும், காவலர் அல்லாத ஒருவர் கைதியின் உடலைக் காணும் முதல் தருணமும் அதுவே. இலவசச் சட்ட உதவிக்கான உரிமை அந்நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்று காத்ரி வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

படத்தின் தமிழ்த் தொழிலாளர் நால்வரும் நாள்கணக்கில் வதைக்கப்பட்ட பின்னரே நீதிபதிமுன் நிறுத்தப்படுகின்றனர். அவர்கள் பக்கம் பேச வழக்கறிஞர் இல்லை. அவர்தம் தமிழ் நீதிபதிக்கு விளங்கவில்லை. வேறு அலுவலாக அங்கு வந்திருந்த தமிழகக் காவல் ஆய்வாளர் முத்துவேல் மொழிபெயர்க்க, அவர்கள் விடுதலையாகின்றனர். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, சாட்சியத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அறிந்த மொழியில் பெயர்த்துரைக்கப் பணித்தது. கைதியின் சொல்லை நடுவருக்கு உணர்த்தும் பொறுப்பு யாருடையது என்பதை அப்பிரிவு பேசவில்லை. அவ்விடைவெளியைப் படம் தற்செயலால் நிரப்புகிறது. நிரப்புபவரும் ஒரு காவலரே. (ஒரே அமர்வில் வழக்கே முடிந்து விடுதலை கிட்டுவது நடைமுறையில் அரிது. இங்கு இயக்குநர் நீதிபதிக்குச் சற்றே சலுகை காட்டியுள்ளார்.)

உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது உதவியாகக் கிடைத்தமையால் அது கடனாகிறது. நீதிமன்றத்தில் சரணடைய வந்த தணிக்கையாளர் கே.கே.யைக் கடத்த முத்துவேல் இவர்களது துணையை நாடும்போது, இவர்களால் மறுக்க இயலவில்லை. நால்வரின் முதல் முன்னிலைக்குக் குரல் தந்தவரே மற்றொருவரின் முதல் முன்னிலையைத் தடுக்கிறார் என்னும் இம்முரணே படத்தின் கூர்மையான அரசியல் என்பேன். சரணடைய முனைந்த கே.கே. எந்த நீதிபதியையும் காணாமலே காவலில் இறக்கிறார், அச்சாவு தற்கொலையாக்கப்படுகிறது.

தலைப்பும் இவ்வாறே இயங்குகிறது. காவலர் அடித்துக் கேட்பதும் நீதிமன்றம் ஆராய்வதும் தமிழில் ‘விசாரணை’ என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. நலம் வினவுவதையும் ‘விசாரித்தல்’ என்கிறோம். முதற்பாதியில் முதற்பொருளும் இரண்டாம் பொருளும் நீதிமன்ற வாயிலில் பிரிகின்றன. இரண்டாம் பாதி தமிழகக் காவல்நிலையத்தில் நிகழ்கிறது. அங்கே மொழி ஒரு தடையே அன்று. ஆயினும் கே.கே.யோ, உண்மையைக் கேட்டுவிட்ட தொழிலாளர்களோ நீதிமன்றப் படியை மிதிப்பதில்லை.