கலகலப்பும் கொட்டமும்: களிப்பின் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

போன வருடம் அத்தை செத்துப்போனபோது கண்ணீர் அஞ்சலித் தட்டிக்கு வாசகம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'நாலு எழுத்து படிச்சவன், நீயே எழுதுடா' என்றார்கள். 'கலகலப்பானவர்' என்று எழுதினேன். நடவு வயலிலும் சாவு வீட்டிலும் ஒரே குரலில் சிரித்தவள் அவள். பெரியப்பா முறையுள்ள ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தார். 'பொம்பளைக்கு இதெல்லாம் போடக்கூடாதுப்பா, ஒரு மாதிரியா அர்த்தமாகும். பொறுமையின் சிகரம்னு போடு.' போட்டேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு மாமா இறந்தபோது 'கலகலப்பான மனுஷன்' என்று எழுதியதை யாரும் அடிக்கவில்லை. இத்தனைக்கும் மாமா குடித்தால் மட்டுமே கலகலப்பு.

அந்தப் பேனாக் கோட்டைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இது ஒரு தனிமனிதரின் பிற்போக்குத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. மொழிக்குள்ளேயே அந்தக் கோடு இருக்கிறது.

உற்சாகமான மனிதர்களைச் சொல்ல நம்மிடம் உள்ள பேச்சுச் சொற்களைக் கவனியுங்கள். கலகல என்பது காதில் விழுவது. துறுதுறு என்பது கண்ணில் படுவது. துள்ளல் காலுடையது, ஆட்டம் உடம்புடையது. உள்ளே ஒருவர் என்ன உணர்கிறார் என்பதை இச்சொற்கள் சொல்வதில்லை. வெளியே நிற்கும் ஒருவர் கேட்டதையும் கண்டதையுமே சொல்கின்றன. தொல்காப்பியத்தின் 'மெய்ப்பாடு' என்ற கருத்தாக்கமே அப்படித்தான்: உணர்ச்சி மெய்யில் தோன்றினால்தான் அதற்குப் பெயர். அப்படியானால் பார்ப்பவர் யார் என்ற கேள்வி உடனே எழுகிறது. களிப்பவருக்கு உடம்பு இருக்கிறது, பெயரிடும் உரிமை பார்ப்பவரிடம் இருக்கிறது.

அதே மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களில் ஒன்று மடம். பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற பட்டியலிலும் மடம் வருகிறது. அதாவது பெண் நகைப்பதைவிட நகைக்கப்படுவது எளிது. பெருமிதம் பிறக்கும் இடங்களோ கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. உழுகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இதில் எது கிடைத்திருக்கும்?

சொற்களின் சாதியையும் பார்க்கவேண்டும். சந்தோஷமும் உற்சாகமும் வடமொழி. குதூகலமும் அப்படியே, அங்கே அதற்கு அறியும் ஆவல் என்று பொருள். குஷி பாரசீகத்திலிருந்து வந்தது, ஜாலி ஆங்கிலத்திலிருந்து. இவற்றை விலக்கி 'மகிழ்ச்சி' என்று சொல்லச் சொன்னது தனித்தமிழ் மரபு. ஆனால் பழந்தமிழில் மகிழ் என்றால் கள்ளும்தான், கள் தரும் மயக்கமும்தான். களிப்பும் கள்ளின் உறவே; குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் களித்தல் என்பது வெறித்திருத்தல். இன்று அழைப்பிதழ்களில் 'மகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்' என்று அச்சிடுகிறவர்கள் அந்த வாடையைக் கழுவித்தான் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். உழைக்கிற உடம்பின் களிப்பு குடியாகப் பின்தங்கியது, அழைப்பிதழுக்குரிய மகிழ்ச்சி பண்பாடாக மேலேறியது.

இனி அதே செயலுக்குத் தெருவில் விழும் பெயர்கள். பண்ணையார் வீட்டுப் பையன் சத்தமாகச் சிரித்தால் 'சுட்டி'. சேரிப் பையன் புதுச்சட்டை போட்டு வண்டியில் சிரித்தபடி போனால் 'கொழுப்பு', 'திமிரு', 'கொட்டத்த அடக்கணும்'. ஆண்பிள்ளை பேசினால் துடிப்பு, பெண்பிள்ளை பேசினால் வாய்த்துடுக்கு. 'ரொம்ப ஆடாத' என்பது நம் மொழியில் நடனம் பற்றிய அறிவுரை அல்ல, மிரட்டல். துள்ளுகிற மாடு பொதி சுமக்கும் என்கிறது பழமொழி: துள்ளலைச் சுமையாக மாற்றவேண்டும். பொம்பள சிரிச்சா போச்சு, புகையில விரிச்சா போச்சு என்கிறது இன்னொன்று: இரண்டும் உடைமை, பொதிந்து வைக்கவேண்டிய சரக்கு.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எள்ளலையும் வசவையும் மீறித்தான் ஓட்டினார்கள். நாம் அதை 'எழுத்தறிவு', 'அதிகாரம் பெறுதல்' என்ற சொற்களில் பதிவு செய்தோம். அவர்களுக்கு அது ஜாலியாகவும் இருந்தது என்பதைச் சொல்ல நம் முற்போக்குச் சொல்லாடலில் இடமில்லாமல் போனது. நம்முடைய தோழமைக் கூட்டங்களிலும் கோபத்துக்கு இருந்த மரியாதை குஷிக்கு இருந்ததில்லை.

சிரிப்பைக் கலகமாக வாசிக்க பக்தின் சொல்லிக்கொடுத்தார். ரபெலே பற்றிய அவர் நூல் 1965இல் ருஷ்ய மொழியில் வெளிவந்தது. நானும் அதைப் பிடித்துக்கொண்டு திருவிழா, கூத்து என்று நிறையப் பேசியவன்தான். இப்போது ஒரு தயக்கம் இருக்கிறது. திருவிழா முடிந்த மறுநாள் கூத்தாடியவரை ஊர் 'கூத்தாடி' என்றே வைகிறது. அனுமதிக்கப்பட்ட நாளின் சிரிப்பு மறுநாளின் பெயர்களை மாற்றுவதில்லை.

சந்தை வேறொரு வேலை செய்கிறது. வீட்டில் தடுக்கப்பட்ட சிரிப்பைக் கடையில் கட்டாயமாக்குகிறது. விமானப் பணிப்பெண்களின் புன்னகை எப்படிக் கூலி உழைப்பாகிறது என்று ஹாக்‌ஷீல்ட் 1983இல் எழுதினார். நம் ஊர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே முகம் மலர்ந்திருக்கவேண்டிய பெண்கள் உண்டு. அவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. கால் வலியோடு சிரிக்கிற அந்தச் சிரிப்புக்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது? கலகலப்பு என்று சொன்னால் முதலாளியின் சொல்லைக் கடன் வாங்கியவர்கள் ஆவோம்.

ஆனாலும் இந்தச் சொல்லை விட்டுவிட மனமில்லை. கலகலப்புக்கும் கலகத்துக்கும் சொற்பிறப்பில் உறவில்லை, காதில்தான் உறவு. அது போதாது. கலகலத்தல் என்பதற்கே இன்னொரு பொருள் உண்டு: பிணைப்புத் தளர்ந்து ஆட்டங்காணுதல். 'கட்சி கலகலத்துப்போச்சு' என்கிறோம். ஒரு பெண்ணின் சிரிப்பில் எது கலகலத்துப்போகும் என்று அந்தப் பெரியவர் பயந்தார்? 'ஒரு மாதிரியா அர்த்தமாகும்' என்றபோது அவர் இந்தச் சொல்லை என்னைவிட நன்றாக வாசித்திருந்தார் என்றே தோன்றுகிறது.

அடுத்த மாதம் அத்தைக்கு வருடத் திதி. நினைவஞ்சலிக்கு வாசகம் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். மறுபடியும் 'கலகலப்பானவர்' என்றே எழுதப்போகிறேன். அடித்தால் ஏன் என்று கேட்கவேண்டும். போன வருடம் கேட்கவில்லை. சரி பெரியப்பா என்று வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன்.