மலையைப் பார்த்தலும் படைப்பின் இறையியலும்

ஸ்காட்லாந்தின் கெயர்ங்கார்ம் மலைத்தொகுதியைக் குறித்து நேன் ஷெப்பர்ட் (1893–1981) எழுதிய ‘உயிருள்ள மலை’ அளவில் சிறிய நூல். ஆயினும் படைப்பைப்பற்றி அருளுரை ஆற்றுவோர் ஊன்றிப் படிக்கத்தக்கது.

ஷெப்பர்ட் அபர்டீன் நகருக்கு அருகில் பிறந்தார். 1915இல் அபர்டீன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, அந்நகரின் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஆங்கிலம் கற்பித்து, 1956இல் ஓய்வு பெற்றார். 1928க்கும் 1933க்கும் இடையில் மூன்று நாவல்களையும், 1934இல் ஒரு கவிதைத் தொகுப்பையும் வெளியிட்டார். மலையைக் குறித்த நூலை இரண்டாம் உலகப் போரின் இறுதியில் எழுதினார். அக்காலத்தில் அது அச்சேறவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இழுப்பறையில் கிடந்து, 1977இல் வெளிவந்தது. 2016இல் ஸ்காட்லாந்து ராயல் வங்கியின் ஐந்து பவுண்டு நோட்டில் அவரது உருவம் இடம்பெற்றது.

மலையேறுவோரின் நூல்கள் பெரும்பாலும் சிகரத்தை வெல்வதையே பேசும். ஷெப்பர்டோ மலைக்குள் செல்வதையே நாடுகிறார். பீடபூமி, நீர், பனி, ஒளி, செடிகள், பறவைகள், மாந்தர், உறக்கம் எனப் பன்னிரண்டு அதிகாரங்களில் ஒவ்வொன்றையும் நின்று நோக்குகிறார். வெறுங்காலால் நடக்கிறார், மலைமீது உறங்குகிறார். பனியில் சிக்கி மாண்டோரையும் அவர் மறைக்கவில்லை. எதையும் நீதிபோதனைக்குரிய உவமையாக்கி விரைந்து கடந்துவிடுவதுமில்லை.

இங்கேதான் நமக்குரிய கேள்வி எழுகிறது. நம் பிரசங்கங்களில் மலை என்றால் உறுதி. நதி என்றால் சமாதானம். மலர் என்றால் நிலையாமை. பொருள் கூறி முடித்தவுடன் மலை மறைந்துவிடுகிறது. ஆனால், காட்டு மலர்களைக் குறித்து ஆண்டவர் கட்டளையிடும் மத்தேயு 6:28இன் கிரேக்க வினைச்சொல், நன்றாய்க் கற்றறிதல் என்னும் கருத்துடையது. யோபு 38, 39ஆம் அதிகாரங்களில் கடவுள், மனிதர் இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழையையும், வரையாடுகள் ஈனுவதையும், காட்டுக்கழுதையின் விடுதலையையும் யோபுவின் முன் வைக்கிறார். அவற்றிலிருந்து ஒழுக்கப் பாடம் எதையும் வருவிக்கவில்லை. மனிதனுக்குப் பயன்படாதவையும் கடவுளின் பராமரிப்புக்குட்பட்டவை என்பதே அங்கு வெளிப்படுகிறது.

எனினும் ஒரு வரம்பைக் குறிப்பிடவேண்டும். படைத்தவரை நோக்கிய துதி இந்நூலின் நோக்கமன்று. இறுதி அதிகாரத்தில், பௌத்தர் மலைக்கு யாத்திரை போவதன் காரணம் தமக்குச் சிறிது விளங்குவதாகவே ஷெப்பர்ட் கூறுகிறார். எனவே, அவரைக் கிறிஸ்தவ பக்தி எழுத்தாளராக்கிக்கொள்வது நேர்மையன்று. இயற்கை வழிபாடு என்று அவர் நூலை ஒதுக்குவதும் நீதியன்று. மலையை அவர் தொழவில்லை. அதனை அதுவாகவே அறிய முயலுகிறார்.

துதியைத் திருமறையிடமிருந்தே கற்கிறோம். எதற்காகத் துதிக்கிறோமோ அதனை முதலில் பார்க்கும் பொறுமையோ நம்மிடம் குறைந்திருக்கிறது. ஊற்றுகளைப் பாடும் 104ஆம் சங்கீதத்தை அருளுரைக்கு எடுப்பவர், ஷெப்பர்ட் நீரைக் குறித்து எழுதிய அதிகாரத்தையும் படிப்பது நலம். தம் ஊர் ஊற்றையும் சென்று பார்ப்பது அதனினும் நலம்.