கொடிய கடலும் ஒரு மனிதரின் கண்ணீரும்

போரைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் வெற்றியைப் பாடுவன. அல்லது வீரத்தை வியப்பன. இவற்றினின்று விலகி, கடமையைச் செய்த ஒருவரின் மனச்சான்றை நம்முன் நிறுத்தும் படம் ‘தி குரூயல் சீ’. நிக்கோலஸ் மான்சரட்டின் 1951ஆம் ஆண்டு நாவலைத் தழுவி எரிக் ஆம்ப்ளர் திரைக்கதை எழுத, சார்லஸ் ஃபிரெண்ட் இயக்கத்தில் 1953இல் இது வெளிவந்தது. மான்சரட் அப்போரில் காவற்கப்பல்களில் பணியாற்றியவர். ஆதலின் கதையெங்கும் பட்டறிவின் சுவடு தெரிகிறது.

1939 முதல் 1945 வரை பிரிட்டனுக்கு வேண்டிய உணவும் எண்ணெயும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தே வந்தன. அணியணியாய் வரும் வணிகக் கப்பல்களைச் சிறு போர்க்கப்பல்கள் சூழ்ந்து காத்தன. செருமானிய நீர்மூழ்கிகள் அவற்றை வேட்டையாடின. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பணியாற்றியோர் ஏறத்தாழ 30,000 பேர் அப்போரில் மாண்டனர். நீர்மூழ்கிகளில் இருந்தோருள் மாண்டவரும் ஏறத்தாழ 28,000 பேர்.

படத்தின் உயிர்நாடியான காட்சிக்கு வருவோம். கப்பலை இழந்த மாலுமிகள் நீரில் தத்தளிக்கின்றனர். ‘காம்பஸ் ரோஸ்’ என்னும் காவற்கப்பல் தங்களை நோக்கி வருவதைக் கண்டு மீட்பு வந்ததென நம்புகின்றனர். அதே வேளையில், ஒலியலைக் கருவி அவர்களுக்கு நேர்கீழே நீர்மூழ்கி இருப்பதாகக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டால் இன்னும் பல கப்பல்கள் மூழ்கும். வெடிகுண்டு வீசினால் மிதப்பவர்கள் மடிவர். தலைவர் எரிக்சன் வீச ஆணையிடுகிறார். மிதந்தவர்கள் மடிகின்றனர்.

இது கொலையா? நல்விளைவும் தீய விளைவும் ஒருங்கே தரும் செயலை எடைபோடும் முறை, புனித தோமா அக்குவினாரின் சிந்தனையில் வேரூன்றியது. செயல் தன்னளவில் தீயதாய் இருத்தலாகாது. தீய விளைவு நோக்கமாகவோ, நன்மைக்குக் கருவியாகவோ அமைதலாகாது. அதனை ஏற்பதற்கு ஈடான காரணமும் வேண்டும். எரிக்சன் குறிவைத்தது நீர்மூழ்கியை, மனிதரை அன்று. இவ்வளவையும் எண்ணி, அவரைக் கொலைகாரர் அல்லர் என்றே நாம் தீர்ப்பிடுவோம்.

ஆனால் படம் அத்தீர்ப்போடு நின்றுவிடவில்லை. பின்னர் எரிக்சன் குடித்துவிட்டு அழுகிறார். ஜாக் ஹாக்கின்ஸின் முகத்தில் வழியும் அக்கண்ணீர் குற்றத்தின் ஒப்புதல் அன்று. மடிந்தோர் ஒவ்வொருவரும் விலைமதிப்பற்றவர் என்னும் அறிவு. நெறிநூல் ஒரு செயலை அனுமதிக்கலாம். துயரத்திலிருந்து விடுதலை தருவதில்லை. அழாத தலைவர் அடுத்த ஆணையை எளிதாகவே இடுவார். அதுவே நாம் அஞ்ச வேண்டியது.

ஓரிடத்தில் மட்டும் நாம் மாறுபடுகிறோம். நீர்மூழ்கி இருப்பதாகச் சொன்னவன் நானே, பழி எனதே என்று துணையதிகாரி லாக்ஹார்ட் முன்வரும்போது, எவரும் அவர்களைக் கொல்லவில்லை, எல்லாம் போரின் செயல் என்கிறார் எரிக்சன். நொந்த உள்ளத்தின் சொல்லாக அதைக் கேட்கலாம். கொள்கையாக ஏற்க இயலாது. போர் புயலைப் போலத் தானே எழுவதன்று. மனிதர் திட்டமிட்டுத் தொடங்குவது. போரையே குற்றவாளியாக்கினால், அதைத் தொடங்கியவரை எவர் வினவுவார்? கடலின் கொடுமையை மனிதனே மிகுதியாக்கினான் என்று படத்தின் முகப்பில் எரிக்சனே கூறும் கருத்து இதற்குத் தக்க மறுமொழி.

இறுதியில் போர் முடிகிறது. எரிக்சனும் லாக்ஹார்ட்டும் தங்கள் கணக்கைப் பார்க்கின்றனர்: ஐந்தாண்டுப் பணியில் அழித்தவை இரண்டே நீர்மூழ்கிகள். வெற்றி முழக்கம் இல்லை. களைப்பு மட்டுமே எஞ்சுகிறது.

இளையோர்க்கு இப்படத்தைக் காட்டுவோர், நீ எரிக்சனின் இடத்தில் இருந்தால் என்ன ஆணையிடுவாய் என்று மட்டும் கேட்டு அமைதல் போதாது. எந்த ஆணையிட்டாலும் மனிதர் மடியும் நிலையை உண்டாக்கியவர் எவர் என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை கரையிலேதான் உண்டு.