இளிச்சவாயனின் வாக்கு

திரைப்படம் ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுதப் புகுவது வாசகர்களில் சிலருக்கு வியப்பையும், வேறு சிலருக்கு வருத்தத்தையும் தரக்கூடும் என்பதை நாம் அறிவோம். மதரஸாவில் ஓதிக் கொடுப்போருக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பாரும் உளர். கேட்கட்டும். ஆயினும், வீட்டுக் கூடத்தில் குடும்பத்தார் அமர்ந்து பார்க்கும் ஒரு படத்தில், நம் பிள்ளைகள் எந்த இடத்தில் சிரிக்கின்றனர், எந்த இடத்தில் வாய் மூடுகின்றனர் என்று கவனிப்பது ஆசிரியத் தொழிலின் பாற்பட்டதே. ஒருவனுடைய கல்வியை அவன் ஒப்பிக்கும் பாடத்தைக் கொண்டு அளப்பதைவிட, அவன் சிரிக்கும் இடத்தைக் கொண்டு அளப்பது எளிது.

நாம் கூறப் போவது 'மண்டேலா' என்னும் படத்தைப் பற்றி. மடோன் அஷ்வின் எழுதி இயக்கிய முதற்படம் இது. பெருநடிகர்களின் ஆரவாரமோ சண்டைக் காட்சிகளின் இரைச்சலோ இல்லாதது. நகைச்சுவைத் துணைவராகவே பெரிதும் அறியப்பட்ட யோகி பாபு இதில் கதைத் தலைவர். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், திரையரங்குக்குப் போகாமல் நேரே விஜய் தொலைக்காட்சியில் வெளியாயிற்று. அன்றுதான் சட்டமன்றத் தேர்தல் பரப்புரையின் இறுதி நாள். 6ஆம் நாள் வாக்குப்பதிவு. ரமலான் பிறக்கப் பத்து நாள் இருந்தது. கள்ளக்குறிச்சித் தெருக்களில் ஒலிபெருக்கிகள் கடைசி முறையாக அலறிக் கொண்டிருக்க, நம் வீட்டில் பிள்ளைகளும் மருமக்களும் இப்படத்தின் முன் அமர்ந்திருந்தனர்.

கதை சுருக்கமானது. சூரங்குடி என்னும் கற்பனைக் கிராமம்; அதில் ஒன்றையொன்று பகைக்கும் இரு சாதியார். ஊர்த் தலைவருக்கு இரு சாதியிலும் ஒவ்வொரு மனைவி; இருவருக்கும் ஒவ்வொரு மகன். தலைவர் நோயுற, மைந்தர் இருவரும் ஊராட்சித் தேர்தலில் எதிரெதிரே நிற்கின்றனர். தலைகளை எண்ணிப் பார்த்தால் இருபுறமும் வாக்குகள் சமம். எஞ்சியிருப்பவன் ஒரே ஒருவன்: மரத்தடியில் வாழும் முடிதிருத்துபவன். ஊரார் அவனை 'இளிச்சவாயன்' என்றழைப்பர். அவனுக்கு வேறு பெயர் இருந்ததா என்பது அவனுக்கே தெரியாது. சேர்த்து வைத்த காசை அஞ்சலகத்தில் போடச் சென்றபோதுதான், பெயரில்லாதவனுக்குக் கணக்கும் இல்லை என்பது தெரிகிறது. அஞ்சலகப் பெண்மணி அவனுக்கு 'நெல்சன் மண்டேலா' என்று பெயரிட்டு அடையாள அட்டை வாங்கித் தருகிறார். அதனோடு வாக்காளர் அட்டையும் வந்து சேர்கிறது. அதன்பின், நேற்றுவரை ஏவல் சொன்னவர்கள் இன்று அவன் காலடியில் பரிசில்களைக் கொண்டுவந்து குவிக்கின்றனர்.

படத்தின் முற்பகுதியில் நம் வீட்டுக் கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. அவனை ஒருவன் திட்டினால் சிரிப்பு. கூலிக்குப் பதிலாகச் சோறு கொடுத்து அனுப்பினால் சிரிப்பு. எடுபிடி வேலைகளை எல்லாம் அவன் தலையில் கட்டினால் சிரிப்பு. மருமகன் ஒருவன் தன் தம்பியை அப்போதே 'இளிச்சவாயா' என்று அழைக்கத் தொடங்கிவிட்டான். அடுக்களை வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நம் இல்லத்தார் மட்டும், "அந்தப் புள்ளைக்குப் பேருன்னு ஒண்ணு இல்லியா? ஒருத்தராவது கேக்க மாட்டாங்களா?" என்றார். அவ்வினா எழுந்த சற்று நேரத்திற்கெல்லாம் படமும் அதே வினாவை எழுப்பிற்று. அதன்பின் கூடத்துச் சிரிப்பின் சுருதி மாறிவிட்டது. பரிசில் சுமந்து வரிசையில் நிற்கும் ஊராரைக் கண்டு பிள்ளைகள் சிரித்தனர். வாக்கை அவன் ஏலம் விடும்போது சிரிப்பினூடே ஒரு கூச்சமும் கலந்தது. அந்த வாரத்தில், வாக்குக்கு என்ன கிடைக்கும் என்ற பேச்சு எந்தத் தெருவிலும் புதியதாயிருக்கவில்லை அல்லவா!

நாவிதனை நகைப்புக்கு ஆளாக்குவது தமிழ்த் திரைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அரபு இலக்கியம் பயின்றோர் 'அல்ஃபு லைலா'வில் வரும் பக்தாத் நாவிதனை மறந்திருக்க மாட்டார்கள். ஓயாது பேசிப் பிறர் காரியத்தைக் கெடுப்பவன்; ஆனால் தன்னை 'ஸாமித்', அதாவது மௌனி, என்று சொல்லிக் கொள்பவன். அக்கதையைக் கேட்டு நூற்றாண்டுகளாக மக்கள் சிரித்து வந்துள்ளனர். நாமும் மாணவப் பருவத்தில் சிரித்திருக்கிறோம். ஆனால் அக்கதையை ஒரு நாவிதரின் அருகில் அமர்ந்து நாம் வாசித்ததில்லை. வாசித்திருந்தால் அச்சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுமில்லை.

அவ்வெண்ணத்தை நமக்குத் தந்தவர், நாம் வழக்கமாகச் செல்லும் சலூன்காரர். படம் வெளியான சில நாட்களில் அவரிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தோம். கத்தரியை நிறுத்தாமலே, "பாத்தேன் ஹஜ்ரத். பக்கத்து வீட்டுல எல்லாரோடயும் உக்காந்துதான் பாத்தேன். அவங்க சிரிச்சப்ப நான் படத்தைப் பாக்கல, அவங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அவ்வளவே. இப்படத்தைப் பற்றி எழுதப்பட்ட புகழுரைகள் பலவற்றை நாம் படித்தோம். அவற்றுள் எதுவும் இச்சொற்களைப் போல் நம்மைத் தைக்கவில்லை.

முடிதிருத்துவோர் அமைப்பினர் இப்படத்திலுள்ள சில காட்சிகள் தம்மை இழிவுபடுத்துவதாகக் கூறி எதிர்ப்புத் தெரிவித்ததையும், சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதையும் வாசகர்கள் அறிந்திருக்கலாம். மறுபுறம், புதுமுக இயக்குநரின் சிறந்த முதற்படம், சிறந்த உரையாடல் என இரு தேசிய விருதுகள் 2022இல் இதற்கு அறிவிக்கப்பட்டன. அறிவுடையோர் பலர், 'தங்களுக்காகப் பரிந்து பேசும் படத்தையே இவர்கள் எதிர்க்கின்றனரே' என்று நகைத்தனர். அந்நகைப்பில் நமக்கு உடன்பாடில்லை. படத்தின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் நோக்கம் வெளிப்படுவது பிற்பகுதியில். முற்பகுதியின் ஏச்சுகளோ அன்றே தெருவுக்கு வந்துவிடுகின்றன. நம் மருமகன் எடுத்துக்கொண்டது படத்தின் நீதியையா, அந்தப் பட்டப்பெயரையா என்று பார்த்தால், அவர்களுடைய அச்சம் விளங்கும்.

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்து 11ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் ஒன்றாகச் சேர்த்தே விலக்குகிறது. பரிகசிக்கப்படுவோர் பரிகசிப்போரினும் மேலானவராக இருக்கலாம் என்பது அங்கே கூறப்படும் காரணம். 'மண்டேலா'வின் கதை முழுவதும் இக்காரணத்தின் விரிவுரை போலவே அமைந்திருக்கிறது. இழிசொல்லைக் காட்டாமல் இழிவைக் காட்டுவது எப்படி என்பது எக்கலைஞனுக்கும் உள்ள இடர்தான். இயக்குநர் அதைப் பெரும்பாலும் நேர்மையோடு கடந்திருக்கிறார். முதலில் எவரைப் பார்த்துச் சிரித்தோமோ அவரிடமிருந்து நம் பார்வையைத் திருப்பி, சிரித்த ஊரையே நகைப்பின் பொருளாக்கும் இடத்தில் அவரது திறன் தெரிகிறது. ஏவலுக்குக் கூப்பிட்ட அதே வாய்கள் மரியாதையோடு விளிக்கும்போது யோகி பாபுவின் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. ஏதோ தவறு நேர்ந்துவிட்டதோ என்ற மருட்சியே இருக்கிறது. அது பெரிய நடிப்பு.

குறைகளும் உள. பரிசில்களில் மயங்கியவன் ஊர்நலம் நாடத் தொடங்கும் மாற்றத்தை இன்னும் நிதானமாகக் காட்டியிருக்கலாம். தலைமுறைகளாகப் பகைத்த ஊர், இறுதியில் அவனைக் காக்க ஒன்றாய்த் திரளும் வேகம் நம் கிராமங்களை அறிந்தவர்க்கு நம்பிக்கை தரவில்லை. ஆயினும், அவன் வாக்கு யாருக்கு என்பதைச் சொல்லாமலே படத்தை முடித்தது போற்றத்தக்கது. வாக்கின் மறைவைக் காப்பது அவனுடைய உரிமை. பார்வையாளராகிய நமக்கும் அதில் பங்கில்லை.

'மண்டேலா' என்னும் பெயரைச் சிலர் வெறும் வேடிக்கை என்றனர். நெல்சன் மண்டேலாவுக்கும் 'நெல்சன்' என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. பள்ளியில் சேர்ந்த நாளில் ஆசிரியை ஒருவர் இட்டது. தம் நாட்டின் பொதுத்தேர்தலில் அவர் முதன்முதலாக வாக்களித்தது 1994 ஏப்ரலில், 75ஆம் வயதில். பெயரைப் பிறர் தர, வாக்கைக் காலம் கடந்து பெற்றவர் அவர். ஆகவே அப்பெயர் இக்கதைக்குப் பொருந்துகிறது.

தென்னாப்பிரிக்கா தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டா. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் கல்வராயன் மலையைப் பாருங்கள். மலையாளிப் பழங்குடியினர் வாழும் அம்மலை, மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து 1976இல்தான் அரசின் ஆளுகைக்கு வந்தது. 'ஜாகிர்' என்பது பாரசீகச் சொல். இடத்தைப் பிடித்திருத்தல் என்பது அதன் பொருள். பொருளுக்கேற்பவே நடந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. அம்மக்கள் முதன்முதலாக வாக்களித்தது 1996இல்தான் என்று அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்று அரை நூற்றாண்டு கழியும் தறுவாயில்!

மலையிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டுவரும் முதியவர் ஒருவர் நம் திண்ணையில் இளைப்பாறிச் செல்வதுண்டு. அவருக்கு இக்கதையைச் சொன்னோம். வாக்கை ஏலம் விடும் இடத்தில் அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் வெற்றிலையை மென்றவாறே, "அவனுக்காச்சும் ஊரே தேடி வர்ற மாரி ஒரு ஓட்டு இருந்துச்சே பாய். எங்களுக்கு ரொம்ப நாளு அதுவே இல்லியே" என்றார். நகைச்சுவை என்று நாம் கொண்டுபோனதை அவர் ஒரு பேற்றின் கதையாகக் கேட்டிருக்கிறார். சிரித்த பிள்ளைகள், சிரித்தவரைப் பார்த்த சலூன்காரர், சிரிக்காத மலைவாணர்: ஒரே கதையின் முன் மூவகை மாந்தர். இவர்களுள் கதையை மிக நெருங்கியவர் எவர் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

படம் வந்த ஆறு திங்களில், 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில், புதிதாய்ப் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சூரங்குடியின் கதை நம் ஊர்களிலேயே நடந்தது எனலாம். படம் பார்த்து எவரேனும் கைநீட்டாமல் இருந்தனரா என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை. ஆனால் ஒன்று சொல்வோம். தமிழில் 'வாக்கு' என்றால் சொல். அரபியில் வாக்குக்கு வழங்கும் 'ஸவ்த்' என்பதற்குக் குரல் என்று பொருள். இரு மொழிகளும் தம்முள் கலந்து பேசாமலே ஒரே உண்மையைக் கண்டுள்ளன. வாக்களிப்பது சாட்சியம் கூறுவதற்கு ஒப்பு என்று முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் எழுதியதும் இக்கருத்தை ஒட்டியதே. பெயரில்லாதவனுக்குச் சாட்சி சொல்ல இடமில்லை. குரலை விற்றவனுக்குப் பேச வாயில்லை. இளிச்சவாயன் பெயர் பெற்று, குரல் பெற்று, அதை விற்று, மீண்டும் மீட்டுக்கொள்ளும் கதையே 'மண்டேலா'. 2023இல் தெலுங்கில் 'மார்ட்டின் லூதர் கிங்' என்று இதனை மீண்டும் எடுத்தபோது கதைத் தலைவனைச் செருப்புத் தைப்பவனாக மாற்றினர். தொழில் மாறியும் கதை குலையவில்லை. பெயரற்றோர் எல்லாத் தொழிலிலும் இருக்கின்றனர் அல்லவா!

இறுதியாக, இது பிற சமூகத்தாரின் நோய் என்று நம் குடும்பங்கள் நிம்மதி கொள்ளாதிருக்க ஒரு சொல். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடியிறக்கவும், சுன்னத் செய்யவும், மாப்பிள்ளையை நிக்காஹ்வுக்கு ஒப்பனை செய்யவும் நம் மஹல்லாக்களில் ஒருவர் இருந்தார். தொழுகையில் தோளோடு தோள் நின்றார். விருந்து ஸஹனில் மட்டும் அவருக்கு இடம் கடைசிப் பந்தியில், பின்கட்டில். சம்பந்தப் பேச்சில் அவர் வீட்டின் பெயர் எழுந்ததே இல்லை. சிறுவனாக அதைப் பார்த்திருந்தும் அதில் பிழை இருப்பதாக நமக்குத் தோன்றியதில்லை.

படம் முடிந்த இரவு, நமக்குச் சுன்னத் செய்தவரின் பெயர் என்ன என்று எண்ணிப் பார்த்தோம். நினைவுக்கு வரவில்லை. மறந்தோம் என்பதுகூடப் பொய். நாம் கேட்டதே இல்லை. மூத்த ராத்தாவிடம் வினவினோம். தொழிலின் பெயரைச் சொல்லி, "அவர்தானே வந்தாரு" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. ஊர் கபரஸ்தானில் எங்கோ உறங்குகிறார். அவருக்காகப் பெயர் சொல்லி துஆச் செய்ய நமக்கு வழியில்லை. இறைவன் அவர் பெயரை அறிவான்.

சூரங்குடியைப் பார்த்துச் சிரித்த நாம், அவ்வூரில்தான் குடியிருந்திருக்கிறோம்.