ஊடாட்டத் தரவுப் பலகைகளும் துணைக்கூறுகளின் மறைமுக உரையும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

டாஷ்போர்டு எனப்படும் ஊடாட்டத் தரவுப் பலகைகளை உருவாக்கும் மென்பொருள்களில் புதிய வசதிகளும் துணைக்கூறுகளும் தொடர்ந்து சேர்ந்து வருகின்றன. அவை பெரும்பாலும் வேலையை எளிதாக்கும் கருவிகளாக மட்டுமே மதிப்பிடப்படுகின்றன. ஒவ்வொரு துணைக்கூறும் தரவின்மீது ஒரு பொருள்கோளைச் செலுத்துகிறது என்பதும், அப்பொருள்கோள் பயனர் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். ஷைனி, ஸ்ட்ரீம்லிட் ஆகியவற்றின் சில வசதிகளும், தமிழ்ப் பனுவல்களைக் கையாளும்போது அவற்றுடன் இணைந்தியங்கும் நூலகங்களில் எழும் சிக்கல்களும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தரவுப் பலகை, துணைக்கூறு, இயல்பமைவு, பாடவேறுபாடு, சொல்லடைவு, அகரவரிசை

முன்னுரை

சொல்லடைவும் தொடரடைவும் தமிழாய்வுக்குப் புதியன அல்ல. அச்சு நூலாக இருந்த அடைவு இன்று திரையில் இயங்கும் பலகையாக மாறியுள்ளது. பயனர் ஒரு பட்டியலிலிருந்து நூலைத் தேர்ந்தால் வரைபடம் மாறுகிறது. ஸ்லைடரை நகர்த்தினால் கால எல்லை சுருங்குகிறது. இம்மாற்றத்திற்கு வழிவகுத்தவை ஆர் மொழியில் 2012இல் வெளிவந்த ஷைனி, பைத்தான் மொழிப் பயனர்களுக்கு 2017இல் அறிமுகமான டாஷ், 2019இல் திறமூலமாக வெளிவந்த ஸ்ட்ரீம்லிட் முதலிய கட்டமைப்புகள். வலைத்தள நிரலாக்கத்தில் பயிற்சி இல்லாத ஆய்வாளரும் சில பத்து வரிகளில் ஒரு பலகையை அமைக்க இவை உதவுகின்றன. இதனை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆயின் பலகை எளிதில் அமைந்துவிடுவதாலேயே அது காட்டும் எண் உண்மையாகிவிடுமா என்பதைக் கேட்டாக வேண்டியுள்ளது.

தரவு என்னும் சொல்

ஜோஹானா டிரக்கர் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், மானுடவியல் புலங்களில் தரவு என்பது தானாகத் தரப்பட்ட ஒன்றன்று, ஆய்வாளரால் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று என்று வாதிட்டார். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் நம் ‘தரவு’ என்னும் சொல்லும் கொடுத்தலையே சுட்டுகின்றன என்பதால் இவ்வாதம் நமக்கும் பொருந்தும். கலிப்பாவில் தரவு என்பது முதலுறுப்பு மட்டுமே. தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் சேர்ந்தே பாட்டு முற்றுப்பெறுகிறது. பலகையில் உள்ள எண்ணும் அத்தகையதே. எடுத்தவர் யார், எவ்வாறு எடுத்தார், எதனை விட்டார் என்பன உடன் வராதவரை அது தொடக்கமாகவே நின்றுவிடுகிறது.

பொது வாழ்வில் இதற்குச் சிறந்த சான்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கோவிட்-19 பலகை. லாரன் கார்ட்னர் தலைமையிலான குழுவினர் 2020 ஜனவரி 22 அன்று அதனை வெளியிட்டனர்; 2023 மார்ச் 10 வரை தரவு திரட்டப்பட்டது. கருநிற நிலப்படத்தின்மீது அமைந்த செவ்வட்டங்கள் உலகெங்கும் அறிமுகமாயின. அப்படத்தில் சில நாடுகள் மாநில அல்லது மாவட்ட அளவில் பல வட்டங்களாகவும், வேறு பல நாடுகள் ஒற்றை வட்டமாகவும் இடம்பெற்றன. எனவே வட்டத்தின் பருமன் நோயின் பரவலை மட்டுமன்றித் தரவு பகுக்கப்பட்ட அளவையும் உணர்த்தியது. பார்வையாளருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆயினும் அக்குழுவினர் தம் தரவு முழுவதையும் கிட்ஹப் தளத்தில் திறந்து வைத்தனர். பலகையின் குறையை அப்பலகைக்கு வெளியே வைத்த மூலத்தால் திருத்திக்கொள்ள இயன்றது. இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது.

இதே தொற்றுக்காலத்தில், 2020 மே மாதத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறை வெளியிட்ட ஒரு பட்டை வரைபடத்தில் தேதிகள் காலவரிசையில் அமையாமல் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அமைந்தன. நோய் சீராகக் குறைவதுபோன்ற தோற்றம் எழுந்தது. கண்டனத்திற்குப்பின் அது திருத்தப்பட்டது. எண்கள் சரியாகவே இருந்தாலும் வரிசை ஒன்றே பொய்ப்பொருள் தர வல்லது என்பதற்கு இது சான்று.

புதிய வசதிகள்: மூன்று நோக்குகள்

முதலாவது, காலம். ஸ்ட்ரீம்லிட்டில் பயனர் எதனைத் தொட்டாலும் நிரல் மேலிருந்து கீழாக மீண்டும் இயங்கும். இதனால் ஏற்படும் தாமதத்தைக் குறைக்கத் தற்காலிகச் சேமிப்பு வசதி தரப்பட்டுள்ளது. காலாவதி எல்லை தனியே குறிக்கப்படாவிடில் சேமித்த விடை காலத்தால் தானே காலாவதியாவதில்லை என்பதே இதன் இயல்பமைவு. பின்னர்ச் சேர்ந்த ‘ஃபிராக்மென்ட்’ வசதி பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மீண்டும் இயக்குகிறது. விரைவு கூடுகிறது, ஆனால் ஒரே பக்கத்தில் ஒரு பகுதி புதிய தேர்வையும் மற்றொரு பகுதி பழைய தேர்வையும் காட்டும் வாய்ப்பும் உடன் வருகிறது. பலகையின் ஒருமைத் தோற்றம் இவ்விரட்டைக் காலத்தை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, இணைப்பு. ஒரு வரைபடத்தில் சில புள்ளிகளைத் தேர்ந்தால் அருகிலுள்ள வரைபடங்களிலும் அவை ஒளிரும் உத்தியை பெக்கர், கிளீவ்லண்ட் ஆகியோர் 1987இலேயே விளக்கினர். ஷைனியின் சூழலில் ‘கிராஸ்டாக்’ என்னும் துணைக்கூறு இதனை எளிதாக்குகிறது. இத்துணைக்கூறு தனிப்பதிவுகளைக் காட்டும் வரைபடங்களுக்கே உரியது. தொகுப்பெண்களைக் காட்டும் வரைபடங்களுக்கு உரியதன்று என்று அதன் ஆவணமே குறிப்பிடுகிறது. நூல்வாரியாகத் தொகுத்த சொல்லெண்ணிக்கையை இதனுடன் இணைக்க விரும்பும் ஆய்வாளர், தம் வினாவைக் கருவிக்கு ஏற்ப வளைக்க நேர்கிறது. கருவியின் எல்லை ஆய்வின் எல்லையாகிவிடுகிறது.

மூன்றாவது, மேற்கோள். ஷைனியின் ‘புக்மார்க்’ வசதி பயனர் தேர்ந்த நிலையை வலைமுகவரியிலோ வழங்கியிலோ பதிந்து வைக்கிறது. ஆய்வேட்டில் ஒரு வரைபடத்தைச் சுட்டும்போது, எந்தத் தேர்வுகளால் அது உருவானது என்பதையும் உடன் சுட்ட இது வழிசெய்கிறது. மேற்சொன்ன வசதிகளுள் ஆய்வு நெறிக்கு மிக அணுக்கமானது இதுவே எனலாம். எனினும் அது உள்ளீடுகளைப் பதிகிறதேயன்றித் தரவின் பதிப்பைப் பதிவதில்லை. அடிப்படைத் தரவு மாறினால் அதே முகவரி வேறொரு படத்தைத் தரும்.

தமிழ்ப் பனுவல்களில் எழும் சிக்கல்

மேற்கண்டவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே உரியவை இவற்றினும் கூர்மையானவை.

சொல்லெண்ணும் பலகைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் பைத்தான் நூலகங்கள் இயங்குகின்றன. பைத்தானின் இயல்பான வடிவத்தேடல், உயிர்மெய்யின் துணைக்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்புகளாகக் கொள்வதில்லை. அவற்றை இடைவெளிபோலக் கருதிச் சொல்லை உடைக்கிறது. சைகிட்-லேர்ன் நூலகத்தின் ‘கவுன்ட்வெக்டரைசர்’ தன் இயல்பமைவில் இத்தேடலையே பயன்படுத்துவதுடன் ஓரெழுத்துத் துண்டுகளை நீக்கியும் விடுகிறது. விளைவாகத் ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’ என எஞ்சுகிறது. இதனினும் தீங்கானது வேறுவேறு சொற்கள் ஒன்றாகக் கலப்பது. ‘வீரம்’, ‘நேரம்’, ‘தூரம்’ ஆகிய மூன்றும் ‘ரம’ என்னும் ஒரே துண்டாகி ஒரே பட்டையில் அடங்குகின்றன. வீரத்தைப் பற்றிய ஒரு முடிவு நேரத்தையும் தூரத்தையும் கூட்டிப் பெற்றதாக அமையும். நிரல் பிழை எதனையும் அறிவிப்பதில்லை. வரைபடமும் ஒழுங்காகவே தோன்றும்.

அடுத்தது எழுத்துருவாக்கம். ‘கொ’ என்பதன் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறிகளாலும் பதியலாம். இரண்டும் திரையில் ஒன்றே, நிரலுக்கு வேறுவேறு. இயல்பாக்கம் செய்யாத பலகையில் ஒரே சொல் இருமுறை பட்டியலிடப்பட்டு, அதன் எண்ணிக்கை இரண்டாகப் பிளவுபடும்.

மூன்றாவது அகரவரிசை. பட்டியலையும் பட்டைகளையும் வரிசைப்படுத்தும்போது பல துணைக்கூறுகள் யூனிகோடின் குறியெண்ணையே பின்பற்றுகின்றன. அவ்வெண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வருகின்றன. ழகரம் வகரத்திற்கு முன் வருகிறது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின் வருவதால், அகராதியில் ‘அகம்’ என்பதற்கு முன்னிற்க வேண்டிய ‘அக்கா’ பின்னால் தள்ளப்படுகிறது. மொழிவாரி வரிசைநெறிகளைக் கொண்ட ஐ.சி.யு. நூலகத்தை இணைத்தால் இது தீரும். இணைப்பதற்கு முதலில் குறையுண்டென்று ஒருவர் அறிந்திருக்க வேண்டும்.

இவற்றுக்கு அப்பால், நிரலால் மட்டும் தீராத சிக்கலும் உண்டு. புணர்ச்சியோடு பதித்த மூலத்தைக் கொள்வதா, சொற்பிரித்த பதிப்பைக் கொள்வதா என்பதற்கேற்பச் சொல்லெண்ணிக்கை மாறும். வேற்றுமை உருபேற்ற வடிவங்களைத் தனித்தனியே எண்ணுவதா, பெயரடியில் அடக்குவதா என்பதும் அவ்வாறே. இவை இலக்கணம் சார்ந்த முடிவுகள். பலகையில் இம்முடிவுகளுக்கென ஓர் இடம் இயல்பாக ஒதுக்கப்படுவதில்லை.

பதிப்பு நெறியும் பலகை நெறியும்

உ.வே.சாமிநாதையரின் பதிப்புகள் நம்பிக்கைக்குரியனவாக ஏற்கப்பட்டமைக்கு அவர் கண்ட பாடம் மட்டும் காரணமன்று. பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்து, வாசகர் மாறுபட இடம் வைத்தமையும் காரணம். நல்ல உரையாசிரியரும் தாம் கொள்ளும் பொருளுடன் பிறர் கொண்ட பொருளையும் சுட்டுவர். இன்றைய தரவுப் பலகையோ பெரும்பாலும் அடிக்குறிப்பற்ற பதிப்பாகவே உள்ளது. வடிகட்டியும் ஸ்லைடரும் பயனருக்கு உரிமை அளிப்பனபோல் தோன்றினும், பலகையை அமைத்தவர் வரையறுத்த தெரிவுகளுக்குள்ளேயே அவ்வுரிமை அடங்குகிறது. சொல் எவ்வாறு உடைக்கப்பட்டது என்பதை மாற்ற எந்த ஸ்லைடரும் வைக்கப்படுவதில்லை.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. அச்சுச் சொல்லடைவிலும் தொகுத்தவரின் முடிவுகள் மறைந்துள்ளனவே என்பர். உண்மையே. ஆயின் அச்சு அடைவு பக்க எண்ணையோ அடி எண்ணையோ தருகிறது. ஐயுறுபவர் மூலத்தைப் புரட்டலாம். பட்டை வரைபடமோ எண்ணிக்கையின் உயரத்தை மட்டும் தந்து, அவ்வுயரத்தை ஆக்கிய இடங்களைத் தருவதில்லை. பட்டையைச் சொடுக்கினால் உரிய அடிகள் விரியுமாறு அமைப்பது இக்கட்டமைப்புகளில் அரிய செயலன்று. அவ்வாறு அமைத்திருந்தால் ‘ரம’ என்னும் பட்டையின் குறை முதற்சொடுக்கிலேயே வெளிப்பட்டிருக்கும்.

நிறைவுரை

தமிழாய்வில் தரவுப் பலகையைப் பயன்படுத்துவோரும், அதனைச் சான்றாகக் காட்டும் கட்டுரைகளை மதிப்பிடுவோரும் நான்கினைக் கேட்டல் வேண்டும். சொற்களை உடைத்த நெறி எழுதப்பட்டுள்ளதா? கொண்ட பதிப்பும் புணர்ச்சி பிரித்த முறையும் கூறப்பட்டுள்ளனவா? நூலகங்களின் பதிப்பெண்ணும் தரவு எடுத்த நாளும் குறிக்கப்பட்டுள்ளனவா? ஒவ்வோர் எண்ணிலிருந்தும் மூல அடிக்குச் செல்ல வழியுண்டா? இந்நான்குக்கும் விடை தரும் பலகை எளிய தோற்றமுடையதாயினும் ஆய்வுக்கருவியாகும். விடை தராத பலகை எத்துணைப் புதிய துணைக்கூறுகளைக் கொண்டிருப்பினும் காட்சிப்பொருளாகவே எஞ்சும்.

புதிய வசதிகளைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. அவற்றின் இயல்பமைவுகள் பெரும்பாலும் வேற்று மொழிகளின் எழுத்தியல்பை மனத்திற்கொண்டு அமைந்தவை. அவற்றை நம் எழுத்திலக்கணத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவது நிரலாளரிடம் மட்டும் விடத்தக்க பணியன்று. மெய்யும் புள்ளியும் சொல்லின் உறுப்புகள் என்பதை அறிந்தவர் தமிழ் ஆய்வாளரே. அதனைக் கருவிக்கு உணர்த்தும் பொறுப்பும் அவரையே சாரும்.