புளிக்கு வயதுண்டு

திராட்சையிலும் புளியிலும் நாக்கைச் சுண்டுவது ஒரே அமிலம். டார்ட்டாரிக் அமிலம் என்று பெயர். ஒயின் பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் உப்பிலிருந்து, சுவீடனின் கார்ல் வில்லெம் ஷீலே 1769இல் இதைப் பிரித்தெடுத்தார். எலுமிச்சையின் புளிப்பு வேறு, மோரின் புளிப்பு வேறு. இந்த அமிலம் இவ்வளவு செறிந்து கிடக்கும் பழங்கள் உலகில் மிகச் சில. பிரான்சின் போர்தோவிலும் இத்தாலியின் பியெமோன்தேயிலும் அடர்ந்த செந்நிற ஒயினைப் பத்து வருஷம், இருபது வருஷம் நிலவறையில் கிடத்தி, பருவம் பார்த்துத் திறக்கிறார்கள். அந்த அறைகள் 12, 13 டிகிரிக் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் சித்திரை வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். சாதாரண வீட்டில் வைத்தால் நல்ல ஒயின் ஒரு கோடையிலேயே பாழாகிவிடும். புளி அந்தக் கோடையைத் தாங்கி, அந்தச் சூட்டையே வாங்கிக்கொண்டு முதிரும். இந்த மானாவாரி மண்ணில் வருஷக் கணக்கில் வைத்திருந்து ருசிக்கத் தகுந்தது எது என்று யாராவது கேட்டால், நான் புளிப்பானையைத்தான் திறந்து காட்டுவேன்.

அரிசி வாங்கும்போது பழையதா புதியதா என்று இன்னமும் கேட்கிறோம். புளியையும் அப்படிக் கேட்டு வாங்கிய காலம் உண்டு. இப்போது அரைக் கிலோ பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டுவதோடு சரி. எந்த மாசி உலுக்கியது, எத்தனை நாள் காய்ந்தது, கொட்டை எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று ஒன்றும் தெரியாது. ருசிக்கப் பழக வேண்டுமானால் முதலில் புளியின் வருஷம் தெரிய வேண்டும்.

வருஷம் ஏன் முக்கியம் என்பது மரத்தைப் பார்த்தால் விளங்கும். இந்தப் பக்கத்தில் புளியமரத்தைத் தோப்பில் தேடுவதைவிடச் சாலையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் காட்டு ஓரத்திலும் தேடுவது நல்லது. கோடை முடிகிற நேரத்தில் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்க்குள் சதை பிடிக்கும். தைப் பனியில் பழுத்து, மாசி பங்குனி வெயிலில் சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகும். கார்த்திகை மழை பொய்த்தால் காய் ஒல்லியாகும். உலுக்குகிற நேரத்தில் வேண்டாத மழை பெய்தால் ஓட்டுக்குள் பூஞ்சை ஏறும். ஒரு வருஷம் கிளை தாழக் காய்த்த மரம் மறு வருஷம் ஓய்வு எடுத்துக்கொள்ளும். ஆக, எந்த இரண்டு வருஷத்துப் புளியும் ஒன்றாக இருக்க முடியாது. எந்த இரண்டு மரத்துப் புளியும் ஒன்றாக இருக்காது. விதையில் முளைத்த மரம் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகம் ஒட்டுக்கன்றாக நட்டால் சீக்கிரம் காய்க்கும், சதையும் நன்றாக இருக்கும். நடுகிற விவசாயிக்கு அது வரம். ருசி தேடுகிறவர்கள் ஒரு தடவையாவது ஒற்றை மரத்துப் புளியைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கண்மாய்க்கரை மரம் ஒன்றும் மேட்டுக்காட்டு மரம் ஒன்றும் கிடைத்தால் இன்னும் நல்லது.

சாலையோர மரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சிகளும் ஏலம் விடுகின்றன. எடுத்தவர் ஆள் வைத்து உலுக்குவார். உதிர்ந்ததைப் பொறுக்கி, காயவைத்து, ஓடு தட்டி, நார் உருவி, கொட்டை எடுப்பது முழுக்கப் பெண்களின் வேலை. 100 கிலோ பழத்தில் சதையாகத் தேறுவது 30 முதல் 50 கிலோ வரைதான். மீதி ஓடும் நாரும் கொட்டையும். எத்தனை நாள் காய்ந்தது, நார் எவ்வளவு சுத்தமாக உருவப்பட்டது, கொட்டையோடு ஒட்டிய சவ்வு போயிற்றா என்பதில்தான் ஒரு புளி எத்தனை வருஷம் நிற்கும் என்பது தீர்மானமாகிறது. கிலோவுக்கு இத்தனை என்று கூலி வாங்கும் அந்தக் கைகளை நினைக்காமல் புளியின் ருசியைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. சாலை அகலமாக அகலமாக, அவர்கள் உட்கார்ந்து புளி தட்டிய நிழலும் குறைந்துகொண்டே போகிறது.

வயதாக்குவதற்கு எல்லாப் புளியும் ஆகாது. ஒயின்காரர்களும் இதையேதான் சொல்வார்கள். புளிப்பும் இனிப்பும் துவர்ப்பும் ஆரம்பத்திலேயே திடமாக இருக்கிற சரக்குதான் முதுமையில் அழகாகும். சப்பென்று தொடங்கியது சப்பென்றே முடியும். புளிக்கு இதில் இயற்கையே துணை. பழுக்கும்போது இனிப்பு ஏறினாலும் அதன் டார்ட்டாரிக் அமிலம் இறங்குவதில்லை. புளிப்பிலும் இனிப்பிலும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் பழம் அது. தாய்லாந்தின் பெட்சாபூனில் விளையும் இனிப்புப் புளி தின்ன அருமையாக இருக்கும். புளிப்பு குறைவு என்பதால் குழம்புக்கு உதவாது, வருஷக் கணக்கில் வைக்கவும் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மாசிக் கடைசியில் அருப்புக்கோட்டைக் கடைவீதிக்குப் போனால், "அக்கா, இது இந்த வருஷத்துப் புளியா, போன வருஷத்ததா?" என்று கேட்டுவிட்டே கை வையுங்கள். ஓட்டோடு கிடைத்தால் ஒரு பழத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஓடு பட்டென்று நொறுங்க வேண்டும். உள்ளே சதை தனியாக ஆட வேண்டும். கொட்டை எடுத்த புளியென்றால் ஒரு துண்டை இரு பக்கமும் இழுங்கள். கொஞ்சம் நீண்டு பிறகு பிய்வது நல்லது. ஈரத்தால் விரலில் அப்புவது வேண்டாம். நிறம் செம்பழுப்பாக, ஒரே சீராக இருக்கட்டும். ஒரு துணுக்கை வாயில் போட்டு, புளிப்பு போனபின் இனிப்பு வருகிறதா என்று பொறுத்திருந்து பாருங்கள். இனிப்பு வராவிட்டால் அது இந்த வருஷச் செலவுக்கு மட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சந்தை செம்மைக்குத்தான் விலை கொடுக்கிறது. அதனால் வியாபாரிகள் புளியைக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்குகிறார்கள். அங்கே நிறம் மாறுவது மட்டுப்படும். போன மாசியின் புளி இந்த மாசியின் முகத்தோடு வெளியே வரும். கருத்த, கனிந்த பழம்புளி வேண்டுமானால் வீட்டில்தான் உண்டாக்க வேண்டும்.

அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வாங்கி வந்த புளியில் மிச்சமிருக்கும் கொட்டைகளை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். புளியில் வண்டு விழுவது பெரும்பாலும் கொட்டையிலிருந்து. விரித்த துணியில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். ஆறியதும் 1 கிலோவுக்கு 100 கிராம் வரை கல்லுப்பு சேர்த்து, பழகிய மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ ஒரு அடுக்கு புளி, ஒரு பிடி உப்பு என்று காற்று நிற்காதபடி அழுத்தி நிரப்புங்கள். பித்தளை, அலுமினியம், இரும்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. இந்த அமிலம் உலோகத்தைத் தின்னும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்க்கும். வாயைத் துணியால் கட்டி, இருட்டான மூலையில், தரையில் படாமல் மணைமேல் வையுங்கள். எந்த வருஷத்து மாசி என்று பானையின் கழுத்தில் சுண்ணாம்பால் எழுதுங்கள். எழுதாத பானை ஒரே வருஷத்தில் பெயரில்லாத பானையாகிவிடும். ஈரக்கை படவே கூடாது. மழைக்காலத்தில் புளி ஈரத்தை உறிஞ்சிக் கசியும். தையில் வெயில் திரும்பியதும் ஒரு நாள் வெளியே எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். மேலே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் பயப்படுவதற்கு முன் விரலில் தேயுங்கள். நறநறவென்றால் உப்புப் பூத்திருக்கிறது. பஞ்சுபோல் மெத்தென்று இருந்து, மக்கல் வாடையும் அடித்தால் பூஞ்சை. அந்தப் பானையைக் கைவிட வேண்டியதுதான்.

உள்ளே நடப்பது மெதுவான வேலை. புளியின் சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்து கருக்கின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினையால்தான். 1912இல் அதை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் லூயி கமீய் மையாரின் பெயரிலேயே அது வழங்குகிறது. அடுப்பில் நிமிஷங்களில் நடப்பது பானையில் மாதங்களில் நடக்கிறது. குளிர்பதனம் இல்லாமல் வைத்த புளி ஒரு வருஷத்தில் ஏறக்குறைய கருப்பாகி, மெத்தென்று இளகிவிடும். இங்கேதான் ஒயினும் புளியும் பிரிகின்றன. செந்நிற ஒயின் வயதாக ஆக நிறம் வெளிறி, செங்கல் நிறத்துக்கு இறங்கும்; புளி வயதாக ஆகக் கருக்கும். இங்கிலாந்தின் வூஸ்டர் சாஸிலும் புளி சேர்கிறது. 1837 முதல் கடைகளில் விற்கும் அதையும் பல மாதம் ஊறவைத்து முதிர்த்துத்தான் புட்டியில் அடைக்கிறார்கள். முதிர்ந்த புளிப்பின் அருமை அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இனி ருசிப்பது. இந்த வருஷத்தது, போன வருஷத்தது, அதற்கு முந்தையது என்று மூன்றும் சேர்ந்தபின் ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். காப்பி குடிக்காமல், வெற்றிலை போடாமல் இருக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் மூன்றையும் சிறு துண்டுகளாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். புதுப்புளியின் ஓரத்தில் சிவப்பு கசியும். இரண்டாவது கரும்பழுப்பு. மூன்றாவதன் கருமையை விரலால் மெல்லிதாகத் தேய்த்தால்தான் உள்ளிருக்கும் பழுப்பு தெரியும். அடுத்து மோந்து பாருங்கள். புதியதில் பச்சைப் பழவாசமும் மூக்கை அரிக்கும் ஒரு கூர்மையும் இருக்கும். பழையதில் அந்தக் கூர்மை அடங்கி, கருப்பட்டியையும் காய்ந்த பேரீச்சையையும் நினைவூட்டும் கனத்த வாசம் மேலே வரும். இந்த மாற்றத்தை மூக்கு பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஒரு குன்றிமணி அளவு எடுத்து நாக்கின் நடுவில் வையுங்கள். மெல்ல வேண்டாம். முதலில் தாடையோரம் எச்சில் ஊறும். அதை விழுங்கிவிட்டுக் காத்திருங்கள். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான். புதுப்புளி ஒரே வெட்டாக வெட்டிவிட்டு ஓடிவிடும். பழம்புளியில் புளிப்பு அடியில் நின்றபடி இருக்க, அதன்மேல் இனிப்பு வந்து உட்காரும். கடைசியில் ஈறுகளில் ஒரு துவர்ப்பு இறுக்கும். அந்த இறுக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நெடுநேரம் நின்று, கசக்காமல் மறைந்தால் அது உயர்ந்த புளி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் வெறுஞ்சோறு ஒரு வாய் தின்று நாக்கைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். முடிந்ததும் வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள்; பல்லுக்கு இந்த அமிலம் ஆகாது.

கரைசலிலும் பார்த்துவிட வேண்டும். 20 கிராம் புளிக்கு 200 மில்லி வெதுவெதுப்பான நீர், 20 நிமிஷம் ஊறல், பிழிந்து வடிகட்டல். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, கல்லுப்பு ஒரு துளி போட்டுச் சப்பிப் பாருங்கள். உப்பு பட்டதும் ஒளிந்திருந்த இனிப்பு வெளியே வரும். எந்த வருஷம் எந்தச் சமையலுக்கு என்று இந்த மூன்று தம்ளர்களே சொல்லிவிடும். ரசத்துக்குப் புதுப்புளிதான். அதன் வெட்டும் தெளிந்த நிறமும் பழம்புளியில் வராது. பழம்புளியில் வைத்த ரசம் கருத்துக் கலங்கிப்போகும். புளியோதரைக்கு இரண்டாம் வருஷம். வத்தக்குழம்புக்கு மூன்றாம் வருஷம், அதுவும் கெட்டிக் கரைசலாக. கரிசல் வீடுகளின் மிதுக்கு வத்தலை நல்லெண்ணெயில் வறுத்துப் போட்டு, எண்ணெய் பிரிகிறவரை சுண்டவிட்ட குழம்பைச் சூடான குதிரைவாலிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். துவர்ப்புள்ள ஒயினுக்குக் கொழுப்புள்ள இறைச்சியைத் துணை சேர்ப்பது ஐரோப்பிய வழக்கம். இங்கே அந்த இடத்தில் நல்லெண்ணெய் இருக்கிறது. அது படிந்தபின் புளியின் துவர்ப்பு முரடு நீங்கி, நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும்.

எனக்கு எல்லாவற்றிலும் உச்சம் அதலைக்காய்தான். மழை விழுந்த கரிசல் காட்டில் யாரும் விதைக்காமலே படரும் கொடி, பாகலின் உறவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடைகளில் சந்தைக்கு வரும். கசப்பு அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் ஒதுக்குவார்கள். புதுப்புளியில் குழம்பு வைத்தால் கசப்பும் புளிப்பும் எதிரெதிராக நின்று மல்லுக்கட்டும். இரண்டு வயது தாண்டிய புளியில் வைத்தால் அதன் இனிப்பு நடுவில் புகுந்து, கசப்பை அழிக்காமல் தணிக்கும். இன்று வைத்ததை நாளைக் காலை சாப்பிட வேண்டும். பழம்புளியின் அருமையில் நம்பிக்கை வராதவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை. இந்தக் குழம்பைத்தான் வைத்துக் கொடுப்பேன்.

எத்தனை வருஷம் வரை வைக்கலாம்? என் கணக்கில் மூன்று, நன்றாகக் காய்ந்த புளியென்றால் நான்கு. அதற்கு மேல் இனிப்பு கரைந்து, வாசம் மங்கி, வெறும் புளிப்பும் லேசான கசப்பும்தான் மிஞ்சும். மோந்து பார்த்தால் பழத்தின் நினைவே வராத புளி சமையலுக்குத் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். அமிலம் மட்டும் குறையாமல் இருக்கும். அதைப் பித்தளைக் குத்துவிளக்கும் செம்புக் குடமும் துலக்க எடுத்துக்கொண்டு, காலியான பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள், மாசிக்கு முன்பே.