டேசி சோல்: பதிப்புக் குறிப்பும் உண்மையும்

டேசி சோல் (1666–1749) இலண்டன் அச்சாளர், நூல் வணிகர். தந்தை ஆண்ட்ரூ சோலின் அச்சகத்தை 1690களின் தொடக்கத்தில் ஏற்று, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் நூல்களை நூற்றுக்கணக்கில் அச்சிட்டார். (டேசி என்ற பெயருக்கு இலத்தீனில் 'பேசாதிரு' என்று பொருள்!) 1705-இல் வெளிவந்த தன்வரலாற்றில் நூல் வணிகர் ஜான் டன்டன், இவர் தொழிலை நன்கறிந்தவர், தாமே எழுத்துக் கோப்பவர் எனப் பாராட்டுகிறார்.

நூலின் முகப்புப் பக்கத்தை மட்டும் நம்புவோர் இவரைத் தவறவிடுவர். 'டி. சோல்' என்ற குறிப்பு பெண்ணெனக் காட்டாது. அதை மறைப்பு என்பது மிகை. முதலெழுத்திடுவது அன்று ஆண்களுக்கும் வழக்கம். 1706-இல் தாமஸ் ரேல்டனை மணந்தபின் நிகழ்ந்ததே கவனிக்கத்தக்கது. தாய் ஜேன் சோலின் பெயர் பதிப்புக் குறிப்பில் ஏறியது. 1711-இல் தாய் இறந்த பின்னும் 'ஜே. சோலின் உரிமை பெற்றோர்' என்றே பல்லாண்டுகள் அச்சாயிற்று. மணமான பெண்ணின் அசையும் உடைமை கணவனைச் சேரும் என்பது அக்காலச் சட்டம். அச்சகத்தை நடத்தியவரோ டேசியே.

எனவே, முகப்பில் உள்ள பெயர்களை எண்ணிப் பெண் அச்சாளர் தொகையைக் கணிக்கும் முறை இங்கே பிழைபடுகிறது. குவேக்கர் கூட்டங்களின் குறிப்பேடுகளில்தான் இவர் உழைப்பு தெரிகிறது.